முழிவியளத்துக்கு என் முகம்

என் இஞ்சாருங்கோவுக்கு,

வாழ்ந்த காலம் முழுக்க உங்களை நான் வேறெந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. இப்போது புதிதாக ஒரு பெயர் தேட மனமுமில்லை. நீங்கள் கண்மூடிய பிறகு அந்தச் சொல் என் வாயில் வருவதேயில்லை. சொன்னாலும் திரும்பிப் பார்க்க வீட்டில் ஆளில்லை.

இதை ஊர் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நான், நீங்கள் வேலைக்குப் போன பகல்களில் பழைய பேப்பர்களைப் பார்த்து எழுதிப் பழகினேன். அந்த எழுத்து இதற்காவது உதவட்டும். உங்கள் தம்பியின் மகள் தர்சினியிடம், பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "என்ரை பேரைப் போட்டே எழுதுங்கோ பெரியம்மா, நான் என்ன களவே எடுத்தனான்?" என்றாள்.

அவளுக்குக் கலியாணமாகிப் பல வருடங்கள் போய்விட்டன. பிள்ளையில்லை. தகப்பனும் செத்து உங்களிடமே வந்துவிட்டான், தாய் கனடாவில் மகனோடு. தர்சினி புருசன் ரமேஸோடு மாமியார் வீட்டில் இருக்கிறாள். இப்போது கொழும்பில் வைத்தியம் செய்கிறார்கள். சூலகத்திலிருந்து கருமுட்டைகளை ஊசியால் எடுத்து, வெளியே வைத்துக் கருவாக்கி, பிறகு வயிற்றுக்குள் வைப்பார்களாம். பிள்ளையில்லாத நமக்கு, அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? இருந்திருந்தாலும் நீங்கள் வந்திருப்பீர்களா? டொக்டரிடம் நான் மட்டும்தான் போனேன். "எனக்கொண்டுமில்லை" என்று நீங்கள் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

முட்டைகள் வளர்வதற்கு நாளாந்தம் வயிற்றில் ஊசி போட வேண்டும். மருந்து குளிரில் இருக்க வேண்டும். மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜை வாறவர் போறவரெல்லாம் திறப்பார்கள் என்று தர்சினி என்னிடம் கொண்டுவந்தாள். என் ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது? ஒரு ஆளுக்கான பால், ஒரு துண்டு மீன். மீனைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவளுடைய போனில் ஊசி போடும் விதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தோடம்பழத்தில் குத்திப் பழகி, பிறகு அவளுக்குப் போட்டேன். பின்னேரங்களில் அவள் கேற்றைத் திறக்கும் சத்தத்துக்காக நான் தேத்தண்ணி வைக்காமல் காத்திருந்தேன். இரண்டு பேருக்குத் தேத்தண்ணி வைத்து எவ்வளவு காலம்!

முட்டை எடுக்கும் நாளுக்கு முதல்நாளே கொழும்புக்குப் போய்த் தங்க வேண்டும். "நீங்களும் வரவேணும்" என்றாள். உடுப்புப் பையை அன்றைக்கே அடுக்கிவிட்டேன்.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் அவளுடைய மாமியார் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்து கதிரையின் நுனியில் இருந்தா.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் உதுகளை நம்பிறதில்லை. ஆனால் இது பிள்ளையின்ரை காரியம். முழிவியளம் சரியா இருக்கவேணும், வெளிக்கிடேக்க முதல் காணுற முகம் நல்லதா இருக்கவேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளை நிறைகுடத்தோடை எதிரிலை வரும், அவளுக்கு நாலு பிள்ளையள். நீங்கள் எங்கடை கேற்றடியிலை நிக்காமல் சந்தியிலை நில்லுங்கோ. வான் அங்கை வந்து ஏத்தும்."

"வானுக்குள்ளை என்ரை முகம் பரவாயில்லையோ?"

"வெளிக்கிட்டாப் பிறகு ஒண்டுமில்லை அக்கா."

"கேற்றடியிலை ஒரு முகம், சந்தியிலை ஒரு முகம் எனக்கில்லை. கேற்றடியிலை ஏத்தினால் வாறன். இல்லாட்டி இல்லை."

"பிடிவாதம் பிடிக்காதேங்கோ. உங்களுக்கு விளங்காது, ஒரு பிள்ளையைப் பெத்தவளுக்குத்தான்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினா.

"பழத்தையும் கொண்டு போங்கோ" என்றேன். கொண்டு போனா.

விடியப்புறம் நான் சேலை உடுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன். சந்தியில் வான் ஹோர்ன் அடித்தது. பிறகும் அடித்தது. நம்முடைய ஊர் ரோட்டில் மாடுகளைப் போலப் படுத்திருக்கும் மான்களை எழுப்புகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெகுநேரம் கழித்துச் சத்தம் நின்றது. நான் எழும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் தர்சினி போன் எடுத்தாள். மயக்க மருந்தால் அவள் நாக்கு இன்னும் தடித்திருந்தது.

"எடுத்தாச்சுது பெரியம்மா. ஊசி போட்டவுடனை மயங்கிட்டன், ஒண்டும் தெரியேல்லை. இப்பதான் அடிவயிறு நோகுது. அஞ்சுதான் கிடைச்சதாம்."

பத்துக்கு மேல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். "அஞ்சு காணும், போதும்" என்றேன். எனக்கென்ன தெரியும்?

"ரமேஸை உள்ளை விடேல்லை, பொம்பிளையளின்ரை பகுதி. பக்கத்துக் கட்டில்காரியின்ரை தலையை அவவின்ரை அம்மா தடவிக்கொண்டு இருந்தவ. மயக்கம் தெளியேக்க நான் பெரியம்மா, பெரியம்மா எண்டு கேட்டனானாம். தாதி சிங்களப் பிள்ளை. அதென்ன மருந்தோ எண்டு போய் ரமேஸிட்டைக் கேட்டதாம்." சிரித்தாள். பிறகு, "சந்தியிலை எவ்வளவு நேரம் நிண்டம், தெரியுமே?" என்றாள்.

போகாதது பிழை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அந்தக் கட்டிலடிக் கதிரையில் யாருமில்லை என்பது இன்னும் என்னைத் தின்கிறது. இதை உங்களிடமல்லாமல் யாரிடம் சொல்வேன்?

திரும்பி வந்தவள் நேரே இங்கே வந்து படுத்தாள். வயிறு ஊதியிருந்தது. செவ்விளநீர் வெட்டுவித்துக் கொடுத்தேன். சில நாளில் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. இரண்டு கரு தேறியிருக்கிறது. உறையவைத்திருக்கிறார்கள், அவளுடைய உடம்பு ஆறிய பிறகு வைப்பார்கள்.

"ஐஸிலையோ? றால் மாதிரியே?" என்றேன்.

"சிரிக்க வைக்காதேங்கோ பெரியம்மா, வயிறு நோகுது!"

ஒன்றைக் கவனித்தீர்களா? நாலு பிள்ளைக்காரி நிறைகுடத்தோடு எதிரே வந்தும் ஐந்துதான் கிடைத்தது. அவள் முகத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அங்கே நான் நின்றிருந்தால்?

இங்கேதான் உங்களோடு எனக்குக் கணக்குத் தீரவில்லை. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் வேலைக்குப் போன ஒவ்வொரு காலையும் சைக்கிளைக் கேற்றடியில் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். "முன்னாலை வா" என்பீர்கள். நான் ரோட்டுக்குப் போய் உங்களுக்கு எதிரே நடந்து வந்த பிறகுதான் பெடலில் கால் வைப்பீர்கள். கம்பி அறுந்து எத்தனையோ பேர் காயப்பட்ட இடத்திலிருந்து நீங்கள் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்தீர்கள். அப்படியிருக்க, உங்கள் தம்பி மாப்பிள்ளையாக வெளிக்கிட்ட அன்று, "நீ குசினிக்குள்ளை நில் பிள்ளை" என்று உங்கள் அம்மா சொன்னபோது, கைக்கடிகாரப் பட்டியை இறுக்கிக்கொண்டு ஏன் பேசாமல் நின்றீர்கள்? தனியே உங்களுக்கு நல்லதாயிருந்த முகம், ஊர் முன்னால் மட்டும் ஏன் ஆகாமல் போனது?

நேற்று தர்சினி சொன்னாள்: "கரு வைக்கப் போகேக்க நீங்கள்தான் எதிரிலை வரவேணும். மாமியிட்டைச் சொல்லிப்போட்டன். நீங்கள் வராமல் நான் வானிலை ஏறமாட்டன்."

"உனக்கும் என்ரை பிடிவாதம் வந்திட்டுதோ?"

"பின்னை ஆரின்ரை?"

அவள் போன பிறகு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். எனக்குப் பயம் வந்தது. ஒருநாளும் நம்பாத விசயத்துக்கு இந்த வயதில் பயம். கரு தங்கினால் வைத்தியத்தால் என்பார்கள். தங்காவிட்டால் இந்த முகத்தால் என்பார்கள். அவர்கள் சொல்வதை நான் தாங்குவேன், பழக்கம்தான். ஒருநாள் தர்சினியும் அப்படி நினைத்துவிட்டால்? கொஞ்ச நேரம், சந்தியிலேயே நிற்கலாமே என்றுகூட யோசித்தேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அல்லது, பட்டியை இறுக்கியிருப்பீர்களா?

நான் போவேன். அவர்கள் வீட்டுக் கேற்றைத் தாண்டி ரோட்டில் நின்று, வான் புறப்படும்போது தலை குனியாமல் எதிரே நடந்து வருவேன். அந்த இடத்திலேயே வானிலும் ஏறுவேன். அவள் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். கரு தங்காமல் போனாலும், திரும்பி வந்த மறுநாள் காலையும் அந்தக் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போவேன். நீங்கள் ஊர் முன்னால் செய்யாததை அந்தப் பிள்ளை செய்யும்போது, நான் குசினிக்குள் இருக்கமாட்டேன்.

உங்கள் மனைவி,
தர்சினியின் பெரியம்மா