ஏழாம் அதிகாரத்தின் நடுவில்

பாரிவாக்கம்
4.5.2026, திங்கள் காலை

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் காலை ஜெபம் முடித்தேன். நேரில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. தினம் ஓர் அதிகாரம் இருவரும் வாசியுங்கள், மனதில் உள்ளதை எழுதி அன்றைய பகுதியில் வையுங்கள் என்று போதகர் ஐயா சொல்லி நான்கு மாதம் ஆகிறது. நீங்கள் நைட் ஷிஃப்ட் முடித்து வரும்போது நான் அம்பத்தூர் பஸ்ஸில் இருக்கிறேன். வேதப்புத்தகம்தான் நமக்குத் தபால்பெட்டி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பூந்தமல்லி டாக்டர் ரிசல்ட் சொல்கிறார். இரண்டு முறை கரு கலைந்தபோதும் நீங்கள் ஆபீஸில் இருந்தீர்கள். இந்த முறை என்னுடன் வாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ரோஷினி

6.5.2026

ரோஷினிக்கு,

ஸ்தோத்திரம். எண்ணாகமம் ஒன்பது வரை முடித்தாயிற்று. ஏழாம் அதிகாரம் மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது. நல்ல பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று போதகரிடமும் சொல்லிவிட்டேன். தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது.

கிருபாகரன்

8.5.2026, வெள்ளி மாலை

அத்தான்,

இதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறேன். வேதத்தில் வைத்தால் பார்க்கமாட்டீர்கள்.

ஏழாம் அதிகாரம் வாசித்ததாக நீங்கள் எழுதிய சீட்டை நம்பி கிளினிக் வாசலில் நின்றேன். ஆட்டோ கோவிந்தன், "இன்னாம்மா, இம்மா நேரமா நின்னுகினு கீறே? சார் வருவாரா, மாட்டாரா?" என்று கேட்டார். வருவார் என்றேன். போன் எடுக்கவில்லை நீங்கள். தூங்கியிருப்பீர்கள்.

இனி ஒரு கர்ப்பத்தை என் உடம்பு தாங்காதாம். தனியாகக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வேதத்தின் அடையாள நாடா பதினொன்றாம் அதிகாரத்தில் கிடக்கிறது. என் கடிதம் ஏழாம் அதிகாரத்தின் நடுவில், மடித்தது மடித்தபடியே. வேண்டுமென்றேதான் நடுவில் வைத்தேன், நிஜமாக வாசிக்கிறீர்களா என்று பார்க்க. இந்த விஷயத்தில் போய் சோதித்தது என் தப்பு. அதற்கும் சேர்த்து அழுதேன்.

நாளை ஊருக்கு, நாசரேத்தில் இருக்கும் அம்மாவிடம் போய்விடலாமா என்று இருக்கிறது.

ரோ.

9.5.2026, காலை எட்டரை

ரோஷினி,

கதவைத் தாழிட்டிருக்கிறாய். அடியில் தள்ளுகிறேன்.

நான் வாசிக்கவில்லை. பிப்ரவரியிலேயே, யாத்திராகமம் மூன்றில் நின்றுவிட்டது. ஒருநாள் தூக்கம், மறுநாள் வெட்கம். அப்புறம் நாடாவை நகர்த்துவதே பழக்கமாகிவிட்டது. ஆசீர்வாதம் என்று எழுதியது பச்சைப் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ வாசலில் நின்றிருக்கிறாய். நினைக்கவே கூசுகிறது.

குழந்தை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று எழுத வந்தேன். அப்படி எழுத முடியவில்லை. எனக்கும் வலிக்கிறது. ஊருக்குப் போவதானால் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

ஜெபம் பண்ண முயன்றேன், வரவில்லை. கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிருபா

அத்தான்,

போவதா இருப்பதா என்று இன்று முடிவு பண்ண முடியவில்லை. வாசிக்கவும் தெம்பில்லை. நீங்கள் அங்கேயே உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள், படுத்துக்கொண்டே கேட்கிறேன்.

யாத்திராகமம் மூன்றிலிருந்து. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.