சுண்ணாம்புச் சத்து இல்லாத செடிகள்

அம்மாவுக்கு வஸுமதி சேவித்து எழுதுவது. உன் முழங்கால் தேவலையா? அப்பா கோயில் கைங்கரியத்துக்கு மலையேறிப் போய்வருகிறாரா? நான் சிக்மகளூரில் சௌக்கியம்.

ஆராய்ச்சிக்காக என்னிடம் கொடுத்த காப்பிச் செடிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மட்டும் தரக் கூடாது. கூடப் படிக்கும் கார்வேட்டிநகரத்துக் கலைவாணியின் செடிகளுக்கு எல்லாச் சத்தும் உண்டு. அவை பளபளவென்று நிற்கின்றன. என்னுடையவற்றில் துளிர் சுருண்டு, ஓரம் வெளுத்து, நுனி கருகுகிறது. வருகிறவர்களெல்லாம் அவள் செடிகளோடுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று அவளுடைய சத்துநீரில் ஒரு குவளை எடுத்துக்கொண்டு என் செடிகளிடம் போய்விட்டேன்.

"இன்னா வசு, ஊத்தப் போறியா? இத்தினி மாசம் பண்ணதெல்லாம் வீணாப் பூடும்" என்று பின்னாலிருந்து கலைவாணி கத்தினாள்.

குவளையைத் தரையில் கவிழ்த்துவிட்டேன். பிறகு இருவருமாக இலைகளை அளந்தோம். வெயிலை உணவாக்கும் ஒளிச்சேர்க்கை என் செடிகளில் பாதியாகக் குறைந்திருந்தது. எங்கள் பேராசிரியர் அளவுகளைப் பார்த்து "நல்ல முடிவு" என்று பாராட்டினார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

சாற்றமுதுப் பொடி அனுப்பு. குளிருக்கு உன் பழைய சால்வையே போதும்.

கலைவாணியின் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். மகளுக்குத் தலை வாரிவிட்டு என்னையும் கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒருமுறை நீயும் வந்து போயேன், அம்மா.

வஸுமதி