கால் குறைத்த நாற்காலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் இருமல் நின்றதா? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். டாக்டரின் மனைவி தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறாள். இதை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு போன் செய்யாதே. வீட்டு போனை இன்னும் உன் மாமாவின் ஆட்கள்தான் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் தம்பிக்குப் பதவி போனாலும் காது போகவில்லை.

அப்பா செயற்குழுவுக்குப் போனதும், மாமாவைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியதும், கட்சியிலிருந்து உன்னை விலக்கிய உத்தரவை ரத்து செய்ததும் பத்திரிகையில் பார்த்திருப்பாய். பத்திரிகையில் வராததை நான் எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் அப்பா இரண்டாம் முறையாக மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது டாக்டர் சொன்னது நல்ல செய்திதான். சமதளத்தில் நடக்கலாம், ஆட்களைப் பார்க்கலாம், ஒன்றிரண்டு வருடத்துக்குப் பயமில்லை. படி மட்டும் ஏறக் கூடாது. அன்று மாலையே உன் மாமா வந்தான். உட்காருவதற்கு முன்பே, "அக்கா, ஒளிக்காம சொல்லு. அத்தான் இனிமே ஆபீசுக்கு வருவாரா?" என்றான். எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. கட்சி அலுவலகத்தில் அப்பாவின் அறை மாடியில் இருப்பது உனக்குத் தெரியும். "அந்தப் படியை அவர் இனிமே ஏற மாட்டார்டா" என்றேன். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் என் சொந்தச் சரக்கு.

என் தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்தக் கையை நான் மறப்பேனா? முதல் முறை பக்கவாதம் வந்து அப்பா மருந்து மயக்கத்தில் கிடந்தபோது, அவர் விரல்களுக்குள் பேனாவைச் செருகி, அந்தக் கையைப் பிடித்து உன்னை விலக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வைத்த கை அது. நான் அறைக்குள் வந்தபோது மை காயவில்லை. "கட்சி வேற, குடும்பம் வேறக்கா" என்றான். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை என்று என்மேல் உனக்குக் கோபம். நான் காத்திருந்தேன்.

தோளைத் தட்டிவிட்டு அவன் போனதும் ஜன்னல் திரையை மூடினேன். பத்திரிகையை நிறுத்தினேன். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். உள்ளே அப்பா சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாமாவைக் கூப்பிட்டு, அடக்கம் செய்யக் கட்சி இடம் பார்க்குமா, குடும்பம்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். "என்னக்கா பேச்சு இது" என்று அழுதான். அன்று சாயங்காலமே ஆற்றங்கரைக்குக் காரில் போய் இடம் பார்த்துவிட்டு வந்ததாக டிரைவர் சொன்னார்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா போகட்டும் என்று காத்திருந்தால் தலைவர் நாற்காலிக்குப் பலர் போட்டி போடுவார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே இடைக்காலத் தலைவர் ஆகிவிட்டால், ஊர் அழுகிற நாளில் மேடை அவனுடையது. அந்தக் கணக்கில் செயற்குழுவைக் கூட்டினான்.

கூட்டத்தன்று காலையில்தான் அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கோட்டும் தடியும் எடு" என்றார். டாக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "ஏறிடறேன் டாக்டர். இறக்கறதுக்கு நாலு பேர் கிடைக்காமலா போயிடுவாங்க?" என்று சிரித்தார்.

கட்சி அலுவலக மாடியில் மாமா பேசிக்கொண்டிருந்தான். அப்பாவின் தடி ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு போனது. நடுத் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மேலே பேச்சு நின்றுபோனது. அந்தத் தடிச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

அப்பா நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. மேஜைக்கு மேல் தலையும் தோளும்தான் தெரிந்தன. குனிந்து பார்த்தார். நாலு காலும் அடியில் அறுக்கப்பட்டு, புது வெட்டில் மரம் வெளுத்துத் தெரிந்தது. உன் மாமாவுக்கு அந்த நாற்காலியில் கால் தரைக்கு எட்டாது. சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் அவன் காலுக்கு அடியில் பெட்டி வைத்தவள் நான்தான். பதவி ஏற்கும் போட்டோவில் கால் தொங்கக் கூடாது என்று முந்தின நாளே தச்சரை வரவழைத்திருக்கிறான்.

"நான் வளர்ந்துட்டேனா, இல்ல இது குட்டையாயிடுச்சா?" என்றார் அப்பா.

முதலில் சிரித்தவர் பொருளாளர், அதுவரை மாமாவுக்குக் குடை பிடித்தவர். பிறகு அறையே சிரித்தது. தீர்மானமெல்லாம் அப்புறம். அந்தச் சிரிப்பிலேயே அவன் முடிந்துவிட்டான். "அக்கா" என்று என்னைப் பார்த்தான். நான் அவன் காலைப் பார்த்தேன்.

அலுவலகத்தில் கீழேயும் ஒரு கூடம் இருக்கிறது. எல்லாரையும் அங்கே இறங்கி வரச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தோன்றியது. அந்தத் தடிச் சத்தத்தை அவன் கேட்க வேண்டும் என்று இருந்தது.

அப்பாவை நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினார்கள். வெற்றி ஊர்வலம் என்று கூட்டம் கைதட்டியது. அவரும் கையசைத்தார். அந்தக் கை கார்க் கதவு மூடும் வரைதான் அசைந்தது.

கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடுங்கள் என்று டாக்டர் நேற்று சொல்லிவிட்டார். நான் ஜன்னல் திரையைத் திறந்து வைத்திருக்கிறேன். பத்திரிகை மறுபடி வருகிறது. தலைவர் நலம் என்று தினமும் அறிக்கை எழுதி அனுப்புகிறேன். அவர் படியேறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்புகிறார்கள். உன் மாமாவும் நம்புகிறான். ஆனால் விஷயம் வெளியே கசிந்தால், பொருளாளரின் குடை அவன் பக்கம் திரும்ப ஒரு பகல் போதும். அப்பாவுக்கு மூச்சு இருக்கும்போதே நீ செயற்குழுவின் முன் நிற்க வேண்டும்.

மயக்கம் தெளிந்த பிறகும் உன்னை விலக்கிய உத்தரவை ரத்து செய்ய ஏன் இத்தனை காலம் என்று கேட்பாய். வந்து அவரிடமே கேள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர்.

நாற்காலி இப்போது நம் வீட்டில் இருக்கிறது. காலுக்குத் துண்டு ஒட்டித் தருவதாகத் தச்சர் வந்தார். அப்பா கண்ணைத் திறக்காமலே, "அவ வரட்டும். அவ உயரத்துக்கு அளவெடுங்க" என்றார். தச்சரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் உன் மாமா நிற்பான். மன்னிப்புக் கேட்டு அழுவான். பார்த்தால் நிஜம்போலவே இருக்கும். நிற்காமல் உள்ளே வந்துவிடு.

கட்சி அலுவலகத்துக்குப் போகிற அன்று மட்டும் நான் உன்னோடு வரவில்லை. அந்த நடுத் திருப்பத்தை என்னால் தாண்ட முடியாது. நீ அங்கே நிற்காமல் மேலே போ. உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மூச்சும் கிடைக்கட்டும். சீக்கிரம் வா.

உன்
அம்மா