சத்தமாகச் சொன்னது நான்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், உடம்புக்குச் சுகம்தான், மனசுதான் புதன்கிழமையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது. என் கண்ணாடிக்குக் கால் உடைந்துவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள்தான் எழுதுகிறாள். போனில் சொன்னால் “மீட்டிங்ல இருக்கேன்மா” என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பஸ் ஓட்டப் போகிறார், வருகிறார். மழைக்கு ஒழுகிய சமையலறைக் கூரையைச் சரிபண்ணியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன், எழுதுகிறவள் இப்போதே பேனாவை மூடப் பார்க்கிறாள், “உன்னைப் பற்றியதானாலும் நான் சொல்வதை எழுதுடி” என்று அவளை அதட்டி வைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரியாததில்லை, வகுப்பில் எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் இவள். பத்தாவதோடு நின்றவளை மருந்துக்கடைக்காரர் வேலைக்கு வைத்துக்கொண்டார், அங்கேயே அந்தப் பழைய கம்ப்யூட்டரில் தானாகத் தட்டித் தடவிப் படித்து, எந்த மாத்திரைக்கு எப்போது தேதி முடிகிறது என்று முன்கூட்டியே காட்டுகிற புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தாளே, அதைப் பார்த்துத்தான் சாப்ட்வேர் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொன்ன பரீட்சையில் தேறிவிட்டாள். சர்டிபிகேட் வேண்டாம், வேலை தெரிந்தால் போதும் என்று அவர்களே எழுதினார்கள். மிச்சமிருந்தது கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கேள்வி கேட்கிற இன்டர்வியூ ஒன்றுதான். இவள் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை தையல் மிஷினை நிறுத்தி ஓரமாகத் தள்ளிவிட்டு, துணி வெட்டுகிற மேசையில் லேப்டாப்பை வைத்துக் கொடுத்தேன். அதில் பேட்டரி செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது, கரண்ட் இருந்தால்தான் உயிர். சுவரிலிருக்கிற பிளக்கோ தொட்டால் ஆடும், ஆடினால் எல்லாம் அணைந்துவிடும். அதனால் மேசைக்கடியில் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்தப் பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது, அதையும் விழுங்கினேன்.

கேட்டவர் குரல் தன்மையாகத்தான் இருந்தது. நீளமான எண் பட்டியல் ஒன்றில் ஒரே ஒரு எண் மட்டும் இரண்டு தடவை வருகிறது, பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் ஒரே தடவையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். இவள் பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அவர், “எழுதாதீங்க, யோசிக்கிறதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க, நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றார். யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்வதாம்! யோசிக்கிறவன் வாயை மூடிக்கொண்டுதானே யோசிப்பான்? இவளுக்கு உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவர் இரண்டு தடவை “கேக்கலையே” என்றார். மேசைக்கடியிலிருந்து பார்த்தால் இவள் கால் கட்டைவிரல் தரையைக் கிழிக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. “சத்தமா சொல்லுடி” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. இவளுக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ, பார்த்த எண்ணையெல்லாம் ஒரு பக்கமாகக் குறித்துக்கொண்டே போவேன், ஏற்கெனவே குறித்த எண் மறுபடி வந்தால் அதுதான் விடை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள்.

அதுதான் குற்றமாகிப் போயிற்று. “இவ்வளவு நேரம் பேசாம இருந்தீங்க, பக்கத்துல யாரோ பேசினதும் பதில் வருதே, கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க” என்றார். திருப்பினாள். மேசைக்கடியில் பிளக்கும் கையுமாக நான். என்ன செய்வது, வணக்கம் சொன்னேன். அவர் பதில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. வெளி உதவி எடுப்பவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை என்று ஒரே வரி, முகம் மறைந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்தேனாம்! கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னால் சுவரிலிருக்கிற சுவிட்சை அணைக்கிறவள் நான். “அம்மா எதுக்கு அங்க உக்காந்திருக்கீங்க” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிளக்கை விட்டே காட்டியிருப்பேனே! கொலை செய்தவனைக்கூட நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தானே தீர்ப்புச் சொல்கிறார்கள். இவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மேசையைத் துடைத்து, மிஷினைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டாள். “நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்” என்று அப்பா என்னைத்தான் சொல்கிறார். சொல்லட்டும், நியாயம்தான்.

உன்னைச் சிபாரிசு பண்ணச் சொல்லி இதை எழுதவில்லை, இவளும் அதை விரும்பமாட்டாள். எழுதியது வேறு காரணத்துக்கு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பொண்ணைப் பத்தே நிமிஷத்துல அனுப்பிட்டேன்மா, பின்னாடி யாரோ குசுகுசுன்னு பேசினாங்க, என்கிட்டயா நடக்கும்” என்றாய். கெட்டிக்காரன் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. பின்னாலிருந்து பேசியது யார் என்று நீ கேட்டாயா? என்ன பேசினார்கள் என்று கேட்டாயா? அந்தப் பெண் நிஜமாகவே ஏமாற்றியிருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டாயா?

வேளைக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்குத் தலையணையை மாற்று. நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நன்றாக இரு, எதிரே இருப்பவர்களையும் உட்காரவை. அந்தப் பெண்ணை இந்த வாரமே கூப்பிட்டு வேறு கேள்வி கேள். கூப்பிட்ட பிறகு எனக்குப் போன் பண்ணு, அதற்கு முன்னால் வேண்டாம்.

ஆசிகளுடன்,
மேசைக்கடியிலிருந்து,
உன் அம்மா

அண்ணா, இது நானாக எழுதுவது, கண்ணாடி இல்லாததால் அம்மாவால் படிக்க முடியாது. நான் சொன்ன விடையை அன்றைக்கே கடைக் கம்ப்யூட்டரில் எழுதி ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. நேற்று எலக்ட்ரீசியன் பிளக்கை மாற்றிவிட்டார். நடந்ததை அந்தக் கம்பெனிக்கு எழுதி, இன்னொரு கேள்வி கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். அதை அனுப்புவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.