முந்தி நட்ட கிளைகள்

அன்பு மகன் ரெய்னோவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் கோதன்பர்க்கில் சளி காய்ச்சல் இல்லாமல் வேலைக்குப் போய்வருவாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் நீ புறப்படுவதற்குள் கையில் கிடைக்க வேண்டுமே என்று பயந்து பயந்து எழுதுகிறேன், அதனால் காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உறைந்த ஏரியில் காலை வைத்துவிடாதே. பனிமேல் நடக்கும் பாதைக்கு அடையாளமாகக் கிளைகள் நட்டிருக்கும். அதை நம்பாதே.

கிளை நட்ட இடத்தில் பனிக்கட்டி தாங்கும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இருபது வருஷமாக உன் அப்பா பனி ஒரு சாண் தடிமனாகாமல் ஒரு கிளைகூட நட்டதில்லை. இந்த வருஷம் நீ வருகிறாய் என்று கடிதம் வந்ததிலிருந்து மனுஷன் ஒரு நிலையில் இல்லை. பொறுமையைத் தாரும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணுவார், ஆமென் சொல்வதற்குள் எழுந்து ஜன்னல் வழியே ஏரியைப் பார்ப்பார். நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பாதை திறந்தால் பிள்ளை ஏரியைச் சுற்றாமல் அரை மணியில் வந்துவிடுவானே என்று நச்சரித்தேன். போன வியாழக்கிழமை கிளைகளைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தாங்கும்டி, குதிச்சே பாத்துட்டேன், நீ போய் காப்பியப் போடு என்று கரையிலிருந்து கத்தினார். அக்கரை வரைக்கும் நட்டுவிட்டுத் திரும்பும்போது, ஆறு வந்து சேரும் இடத்தில் பனி உடைந்து இடுப்பளவு உள்ளே போய்விட்டார். இடுப்புக் கத்தியைப் பனியில் குத்திக் குத்தி ஊர்ந்து வந்து சேர்ந்தார். அன்றைக்கே பனி கொட்டி ஓட்டையை மூடிவிட்டது, கிளைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

இக்கரையில் நட்டதைப் பிடுங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு டோய்வோ காரில் சுற்றிப்போய் அக்கரையில் எட்டியதைப் பிடுங்கிக் குறுக்கே பலகை வைத்திருக்கிறான். நடு ஏரியில் நிற்பதை யார் பிடுங்குவது? நானே போறேன், நான் பண்ணின தப்பு என்கிறார் அப்பா, அவர் பூட்ஸை ஒளித்து வைத்திருக்கிறேன். பலகையைப் பார்த்து நிற்கிற பிள்ளையா நீ? அப்பா ரத்தம்தானே. அதுதான் என் பயமெல்லாம். டோய்வோ பால் கறந்துவிட்டுத்தான் உன்னை அழைத்துவரக் கிளம்புவான், ஒரு மணி நேரமாவது ஆகும். குளிரும், கோபம் வரும், காத்திரு. பொறுமை என்றால் கோயிலில் உட்கார்ந்து தலையாட்டுவது என்று இத்தனை வயசுவரை நினைத்திருந்தேன், அது பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நிற்பதுதான் கண்ணு. எங்களால் முடியவில்லை, நீயாவது நில்.

கர்த்தர் உன் காலை இடறாமல் காப்பாராக. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள். இன்னொன்று, நம் வீட்டு ஜன்னலில் வழக்கமாக வைக்கும் மெழுகுவர்த்தியை அன்றைக்குத் தேடாதே. அதைப் பார்த்தால் உனக்குக் கால் நிற்காது. டோய்வோவின் கார் வாசலில் வந்து நிற்கும்வரை நானும் அப்பாவும் விளக்கேற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஹில்யா