'யெல்' என்ற சொல்லுக்கு ஓர் அட்டை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? கிடங்குக்கே மேற்பார்வையாளர் ஆன பிறகும் பெட்டிகளை நீயே தூக்குகிறாயாம். சொன்னால் கேட்கிற ஆளா நீ?

ஆங்கில அகராதி அலுவலகத்தில் கடைசி எழுத்துகளுக்கு வந்துவிட்டோம். என் பங்கில் 'யெல்' (yell) விழுந்தது. பொருள் உரக்கக் கத்துவது; அரை நாள் வேலை என்று உட்கார்ந்தேன். வேரைத் தேடிப் போனால், பழைய ஆங்கிலத்தில் பாடுவதைக் குறித்த சொல்லோடு அதற்கு உறவு. நைட்டிங்கேல் என்கிறோமே, அந்தப் பாடும் பறவையின் பெயரில் பின்பாதியும் அதே குடும்பம்தான்.

அதைப் படித்ததிலிருந்து வேலை நகரவில்லை. ஒவ்வொரு சொல்லின் அட்டையிலும், எழுதுகிறவர் தன் காதால் கேட்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகச் சேர்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். "என்ன சார், இத்தனை வயசுல ஒரு கத்தல்கூடவா உங்க காதுல விழல?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்கிறார்.

ஒன்பது நாளாக அந்த இடம் காலி.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகு இருக்கிறது, அதனால் வலிக்கிறது. மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் போடுகிறாய், அதிலும் பாதி அகராதி. அண்ணி பாவம்.

ஒரு செய்தி. கிடங்கின் பழைய குளிர் அறையை இருபத்தெட்டாம் தேதி இடிக்கிறார்கள். இயந்திரத்தை நிறுத்தியாயிற்று. நம் சின்னவன் உள்ளே மாட்டிக்கொண்ட அறை. இருபது வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போகிறேன். அது என்னால் எப்படி முடிந்தது தெரியுமா? அன்று நீ அந்தக் கதவுக்கு வெளியே மேஜையில்தான் இருந்தாய். ஒரு கத்தலும் கேட்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னாய். அப்படியானால் தம்பி பயப்படவே இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டான். அம்மா அந்த நம்பிக்கையில்தான் கண்ணை மூடினாள்.

அட்டையில் எழுத உனக்கு ஏன் கை வரவில்லை?

வாயாடி


மார்ச் 17

அன்புள்ள தங்கைக்கு,

கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

கத்தல் கேட்கவில்லை. பாட்டு கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து, வார்த்தையே இல்லாமல், இழுத்து இழுத்து. அவன்தான் எந்நேரமும் பாடிக்கொண்டு திரிகிறவன் ஆயிற்றே. பெட்டியை எடுத்து வரச் சொன்னால் கூத்தடிக்கிறான் என்று எரிச்சல். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கால் மணி நேரம் கேட்டது. நின்றபோது, அப்பாடா என்று இருந்தது.

அப்பாவிடம் நான் சொன்னது பொய்யா என்று முப்பத்தோரு வருடமாக எனக்கே தெரியவில்லை. இனி என்னோடு பேசுவாயா என்று மட்டும் எழுது.

அண்ணன்


மார்ச் 24

அண்ணாவுக்கு,

நான்கு நாள் உன் கடிதத்தைத் தொடவே இல்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு, சுமை ஏற்றுபவர் ஒருவரை உன் மேஜை இருந்த இடத்தில் நிற்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கதவு மூடியது. "அண்ணா" என்று மூன்று முறை தொண்டை கிழியக் கத்தினேன். அவ்வளவுதான். அப்புறம் ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

கதவைத் திறந்தவர் சிரித்தார். "அக்கா, இவ்ளோ நல்லா பாடுவீங்கன்னு தெரியாதே!"

உன் மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது. அந்த மேஜையில் யார் இருந்திருந்தாலும் பாட்டுதான் கேட்டிருக்கும். "பாடல, மூணு தடவை கத்தினேன்," என்றேன்.

"மூணு தடவையா? நான் கதவத் திறக்கிற வரைக்கும் பாட்டு நிக்கவே இல்லையே அக்கா?"

இருபத்தெட்டுக்குள் வந்துவிடு, அண்ணா. கதவை மூடியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து திறக்க வேண்டும்.

தங்கை