சுக்கானில் சிவப்புத் துணி

பிப்ரவரி 11, செவ்வாய்

தம்பி முரளி அந்தமானிலிருந்து பேசினான். ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு பாய்மரப் படகில் ஏறியவன். மூன்று வாரமாகத் தீவு தீவாகச் சுற்றியாயிற்று. நாளை இலங்கைக்குக் கிளம்புகிறார்களாம். பத்து நாள் கரையும் தெரியாது, போனும் கிடையாது.

“தீவு சுத்தினது ட்ரையல்தான்க்கா. ஒரு பிரச்சினையும் இல்ல.”

பதினெட்டு வருடமாக எனக்குத் தொழிற்சாலையில் பாகங்களைச் சோதிக்கும் குவாலிட்டி வேலை. ட்ரையலில் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை என்றால் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

“ஒண்ணுமே பழுதாகலையாடா?”

தயங்கினான். “சுக்கான் கயிறு ரெண்டு தடவ தேஞ்சுபோச்சு. மாத்திக் கட்டிட்டோம்.”

“எதுல உரசித் தேயுதுன்னு பாத்தீங்களா?”

“கடலுக்கு வந்தும் இன்ஸ்பெக்ஷனா? அம்மா தாயே, விடு!”

“காரணம் தெரியுற வரைக்கும் சிவப்பு டேக் போட்டு நிறுத்தி வை. எங்க லைன்ல ஒரு போல்ட்டுகூட அப்படி வெளிய போகாது.”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு படம் வந்தது. சுக்கான் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ‘கயிறு ஓடுற கப்பி ஒண்ணு கோணியிருக்கு, அதுலதான் உரசுது. மாத்தின பிறகுதான் கிளம்புறோம்.’

எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கப்பி தெரியவில்லை. பின்னால் இருட்டும் தண்ணீரும்தான். இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.